மொழி, குறி, பிரக்ஞை: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

மொழி இல்லாமல் சிந்தனை உண்டா என்று கேட்கிறவர்கள் அதே மூச்சில் மொழி இல்லாமல் பிரக்ஞை, அதாவது உணர்ந்திருக்கும் நிலை, உண்டா என்றும் கேட்டுவிடுகிறார்கள். இவை இரு வேறு கேள்விகள். குறிக்கும் (சொல் போன்ற அடையாளத்துக்கும்) பொருளுக்கும் உள்ள உறவு, மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவு, சிந்தனைக்கும் பிரக்ஞைக்கும் உள்ள உறவு ஆகிய மூன்றையும் பிரித்து வைக்காவிட்டால், ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்குக் காட்டிவிடுவோம். இத்துறையின் பெரும்பாலான பிழைகள் இங்கிருந்துதான் முளைக்கின்றன.

சுவிஸ் மொழியியலாளர் சசூர் குறியின் பொருள் பக்கத்தைக் குறிப்பீடு என்கிறார். 'மரம்' என்ற சொல்லின் குறிப்பீட்டை வெளியே நிற்கும் மரம் என்று விளக்குவது பரவலான தவறு. 1916இல் வெளியான அவருடைய பாடங்களில் குறியின் இரு பக்கங்களும் மனத்துக்குள்ளேயே இருக்கின்றன: ஒன்று ஒலியின் மனப்பதிவு, மற்றது கருத்து, அதாவது குறிப்பீடு. மரத்துக்கு அதில் இடமில்லை. சொல்லுக்கும் உலகுக்குமான தொடர்பைப் பேச வேண்டுமானால் அமெரிக்கத் தத்துவவாதி பியர்ஸிடம் போக வேண்டும். குறி, அது சுட்டும் பொருள், அது எழுப்பும் புரிதல் மூன்றையும் அவர் சேர்த்தே வைக்கிறார்.

'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்ற தொல்காப்பிய நூற்பாவைச் சசூரின் இடுகுறிக் கொள்கையோடு ஒன்றாக்குவதும் அவசரம்தான். காரணம் பளிச்சென்று தெரியாது என்கிறது நூற்பா. ஒலிக்கும் கருத்துக்கும் இயல்பான காரணத் தொடர்பே இல்லை என்கிறார் சசூர். முன்னது நம் அறிவின் எல்லையைப் பற்றியது. பின்னது குறியின் இயல்பைப் பற்றியது.

அதிகம் இடறும் இடம் அடுத்தது: மொழியே சிந்தனை என்ற முடிவு. வாக்கிய அமைப்பைக் கையாளும் திறனைப் பெரிதும் இழந்த மூவரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. யார் யாரை அடித்தார் என்பதைச் சொற்களின் வரிசை மட்டுமே காட்டும் வாக்கியங்களில் அவர்கள் தடுமாறினார்கள். ஆனால் 59−13 வேறு, 13−59 வேறு என்பதைத் தெளிவாக அறிந்து கணக்கிட்டார்கள். இதைப் படித்ததும் சிந்தனைக்கு மொழியே வேண்டாம் என்று எதிர்ப்பக்கம் பாய்வதும் தவறு. அவர்கள் மொழியோடு வளர்ந்து, மொழி வழியே கணக்கைக் கற்றவர்கள். கற்ற திறன் ஓடுவதற்கு இலக்கணம் தேவையில்லை என்பதைத்தான் ஆய்வு காட்டுகிறது. அத்திறன் உருவாக மொழி தேவையா என்பது அதற்கு வெளியே நிற்கும் கேள்வி.

நிற ஆய்வுகளிலும் இதே நிதானம் வேண்டும். ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. 2007இல் வெளியான ஆய்வில், அந்த எல்லையின் இரு பக்கமும் விழுந்த நீலங்களை ரஷ்ய மொழியினர் விரைவாகப் பிரித்தார்கள். கூடவே எண் வரிசை ஒன்றை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கச் செய்தபோது அந்த வேகம் போய்விட்டது. வடிவ அமைப்பு ஒன்றை நினைவில் வைக்கச் சொன்னபோது போகவில்லை. ஆக, சொல் அந்த நேரத்தில் உதவிக்கு வருகிறது. கண்ணை மாற்றி அமைத்துவிடவில்லை. 'வேறு மொழி, வேறு உலகம்' என்று எழுதுவதற்கு இது போதாது.

பிரக்ஞை பற்றிப் பேசும்போது, சொல்ல முடிந்ததே உணரப்பட்டது என்று கொள்வது அடுத்த தவறு. 1960இல் உளவியலாளர் ஸ்பெர்லிங் 12 எழுத்துகளை மூன்று வரிசைகளில் 50 மில்லிவினாடி காட்டினார். பார்த்தவர்களால் நான்கைந்து எழுத்துகளையே சொல்ல முடிந்தது. எழுத்துகள் மறைந்த உடனே ஓர் ஒலியால் ஏதாவது ஒரு வரிசையைச் சுட்டியபோது, அதிலிருந்த நான்கில் ஏறக்குறைய மூன்றைச் சொன்னார்கள். எந்த வரிசை என்பது முன்கூட்டித் தெரியாததால், மொத்தத்தில் ஒன்பது வரை கைவசம் இருந்திருக்க வேண்டும். சொல்லப் பயன்படும் பிரக்ஞை வேறு, அனுபவப் பிரக்ஞை வேறு என்று 1995இல் வாதிட்ட தத்துவவாதி நெட் பிளாக் பக்கம் இது சாய்கிறது. கைவசம் இருந்ததெல்லாம் உணரப்பட்டதா என்ற எதிர்க்கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. வாய்மொழியை மட்டுமே அளவுகோலாக்கினால், கைக்குழந்தையும் விலங்கும் ஆய்வு தொடங்குமுன்பே வெளியே தள்ளப்படுகின்றன.

சீனம் தெரியாத ஒருவர் அறைக்குள் இருந்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளை அடுக்கிச் சரியான பதில் தந்தாலும் அவருக்குச் சீனம் புரியவில்லை என்பது தத்துவவாதி ஜான் செர்ல் 1980இல் முன்வைத்த சீன அறை வாதம். அதை, எந்த எந்திரமும் சிந்திக்காது என்பதற்கான நிரூபணமாகக் காட்டாதீர்கள். மூளையும் ஓர் எந்திரமே என்று அவரே ஒப்புக்கொண்டார். விதிப்படி குறிகளை மாற்றி அடுக்குவது மட்டும் புரிதலாகாது என்பதே அவர் சொன்னது. இதன் மறுபக்கப் பிழை இப்போது பெருகிவருகிறது: உரையாடும் மென்பொருள் 'உணர்கிறேன்' என்று எழுதினால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்வது. மனிதர்கள் தம் உணர்வைப் பற்றி எழுதிய ஏராளமான வாக்கியங்களில் பயின்றது அது. உள்ளே அனுபவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாக்கியம் வரும். எனவே அந்த வாக்கியத்தைக் கொண்டு இரு பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.