கிணற்றுத்தவளையும் புயல் அறிக்கையும்: ஆங்கிலச் சொல்வளம் சேர்க்கத் தொடங்குவது எப்படி?

முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது, "நான் இன்சுலர் கம்யூனிட்டியைச் சேர்ந்தவன்" என்று எழுதிவிட்டேன். பாம்பன்காரன், தீவில் பிறந்தவன். அகராதியிலும் 'தீவுக்குரிய' என்றுதான் முதலில் போட்டிருந்தது. நேர்காணலில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "உங்க ஊர்க்காரங்க அவ்வளவு குறுகின மனசுக்காரங்களா தம்பி?" என்று கேட்டார். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் புழங்குகிறது. ஒரே வரியில் ஊரையே கிணற்றுத்தவளை ஆக்கியிருந்தேன்.

அதுவரை தினம் இருபது சொல் மனப்பாடம் செய்துவந்தேன். அன்றோடு விட்டேன். இப்போது நாளுக்கு ஐந்துதான். வழி இது.

படி 1: எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

மைக்கேல் வெஸ்ட் 1953-இல் சுமார் 2000 அடிப்படைச் சொற்களைப் பட்டியலாக வெளியிட்டார். அதில் தடுமாறினால் அங்கேயே தொடங்குங்கள், வெட்கம் வேண்டாம். அதைத் தாண்டியவர்களுக்கு அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியல் இருக்கிறது. துறை எதுவானாலும் கல்லூரி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும். இரண்டுமே இணையத்தில் கிடைக்கும். ஆனால் பட்டியலை உருப்போடாதீர்கள். தெரியாததை மட்டும் பென்சிலால் குறித்து வையுங்கள், போதும்.

படி 2: ஒரே செய்தியை இரண்டு மொழியில் படியுங்கள்

எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். கடலோரத்தில் எல்லார் போனிலும் வானிலை அறிக்கை வந்துவிடும். வானிலை மையம் அதை ஆங்கிலத்திலும் தமிழிலும் தருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தமிழில் 'சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்' என்று இருக்கும். ஆங்கிலத்தில் சூறாவளிக்காற்று இருக்கும் இடத்தில் 'ஸ்குவாலி' நிற்கும். அந்த 'இடையிடையே'வுக்கு 'கஸ்ட்டிங்'. விட்டுவிட்டு வேகமெடுக்கும் காற்று என்றால் என்னவென்று வத்தையில், அதாவது நாட்டுப்படகில், போய் வந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொருள் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது, பெயர் மட்டும்தான் புதிது.

அந்த அறிக்கையிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், கடலுக்கு ரஃப். 'ஹெவி விண்ட்' என்று எழுதினால் புரியும், ஆனால் காதில் இடறும். நம்மிடமும் அப்படித்தானே: கனமழை, பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல். 'கனக்காற்று' என்று யார் சொல்கிறோம்? அதனால் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், கூட வந்த சொல்லோடு சேர்த்தே நோட்டில் ஏற்றுங்கள்.

படி 3: குடும்பத்தோடு பிடியுங்கள்

என் மானத்தை வாங்கிய அதே சொல்லை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. 'பேனே' என்றால் கிட்டத்தட்ட. இரண்டும் சேர்ந்தால் பெனின்சுலா, கிட்டத்தட்டத் தீவு. மண்டபம் பக்கம் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் அது. பாலம் தாண்டினால் முழு இன்சுலா. எலெக்ட்ரீஷியன் கையிலிருக்கும் இன்சுலேஷன் டேப், கம்பியைத் தீவுபோலத் தனியாக்குகிறது. கொரோனா காலத்து ஐசொலேஷன் வார்டும் இதே வேர், இத்தாலி வழியாக வந்தது. கணையத்தில் தீவுத்திட்டுகள்போல இருக்கும் செல்களில் சுரப்பதால்தான் இன்சுலினுக்கு அந்தப் பெயர். இவ்வளவும் தெரிந்தபின் இன்சுலர் மறக்குமா?

ஒரு எச்சரிக்கை. 'ஐலண்ட்' இந்தக் குடும்பம் இல்லை! அது பழைய ஆங்கிலச் சொல். இதே குடும்பம் என்று தப்பாக நினைத்து நடுவில் உச்சரிக்காத 'எஸ்' எழுத்தைப் பிற்காலத்தில் செருகிவிட்டார்கள். ஆக, ஒலியோ எழுத்தோ ஒத்துப்போகிறது என்று உறவு கொண்டாடாதீர்கள், அகராதியில் சொல் வரலாற்றைப் பாருங்கள்.

வேர் தெரிந்தாலும் இன்றைய பொருளை உதாரண வாக்கியத்தில்தான் உறுதிசெய்ய வேண்டும். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆனதும் இரட்டை உடல் கொண்ட படகாகிவிட்டது. ஆப்பர்ச்சூனிட்டியின் லத்தீன் வேரில் இருப்பது துறைமுகம் நோக்கி அடிக்கும் காற்று. இன்று அதில் காற்றும் இல்லை, துறைமுகமும் இல்லை.

படி 4: அட்டையும் டப்பாவும்

மனப்பாடம் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே தன்மேல் சோதித்து எழுதிவிட்டார். அதற்கு லைட்னர் 1972-இல் சொன்ன பெட்டி முறை எளிது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை: முன்பக்கம் அந்தச் சொல் வந்த வாக்கியம், சொல்லின் இடம் மட்டும் காலி, பின்பக்கம் சொல். மூன்று பிஸ்கட் டப்பா போதும். முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பினால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதலாவதற்கே திரும்பும். போனில் செய்ய ஆங்கி செயலி உண்டு. எனக்கு டப்பாதான் பிடிக்கும், அம்மா தூசி தட்டும்போது "இதை இன்னும் படிக்கலையா?" என்று கேட்பார்.

முதல் அட்டைக்கு 'வெஞ்சர்' எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வரியின் ஆங்கில வடிவத்தில் அது இருக்கும். வெறும் 'கோ' போடாமல் ஏன் அதைப் போட்டார்கள் என்று கடலுக்குப் போகும் யாரிடமாவது பேசிப் பாருங்கள், அட்டையின் மூலையில் அவர் சொன்னதையும் எழுதி வையுங்கள்.