வாடகைக்கு விட முதல் வீடு: வேலூர்க்காரர்களுக்குக் கடனும் பொறுப்பும் படிப்படியாக

சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களும் காட்பாடி விஐடி மாணவர்களும் இருக்கும்வரை வாடகைக்கு ஆள் வரும் என்று நம்பித்தான் இங்கே பலர் வீடு வாங்குகிறார்கள். நம்பிக்கை சரிதான். ஆனால் வட்டி எவ்வளவு என்று நாலு வங்கியில் விசாரிப்பவர்கள், தவணை நின்றுபோனால் யார் தலையில் விழும் என்று விசாரிப்பதில்லை.

படி 1: கைக்காசைக் கணக்குப் போடுங்கள்

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் பொதுவாக இந்த மதிப்பில் சேராது. ஆக, 40 லட்சம் வீட்டுக்குக் கடன் 32 லட்சம். உங்கள் கையிலிருந்து 8 லட்சமும், பதிவுக்கு 3.6 லட்சமும்.

படி 2: தவணை

32 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் சுமார் 28,800 ரூபாய். வாடகை 14,000 என்று வைத்துக்கொண்டால் மீதி சம்பளத்திலிருந்துதான். மாணவர்கள் காலி செய்யும் கோடையில் முழுத் தவணையும் உங்களுடையது. ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்துவைத்த பிறகு இறங்குங்கள்.

படி 3: யார் பெயரில்?

நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். தனி ஆளாக வாங்கினால் வீட்டுக் கடன் எளிதில் கிடைக்கும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தாலும் அபராதம் கிடையாது. ஆனால் ஏலத்தில் வீடு போயும் பாக்கி நின்றால் அதுவும் உங்கள் கடன்தான்.

அண்ணன் தம்பி சேர்ந்து கடன் வாங்கினால் ஆளுக்குப் பாதி என்பது வீட்டுப் பேச்சு. வங்கி முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கும். ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான்: ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி, வேறு ஏற்பாடு எழுதாதவரை ஜாமீன்தாரருக்கும் கடனாளிக்கும் ஒரே அளவு பொறுப்பு.

நண்பர்கள் கூடிப் பங்குதாரர் நிறுவனம் தொடங்கினால், அதன் கடனுக்கு ஒவ்வொருவரின் சொந்தச் சொத்தும் பதில் சொல்லும். எல்எல்பி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) அல்லது பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் போட்ட முதலோடு பொறுப்பு நிற்கும். ஆனால் புது நிறுவனத்துக்குக் கடன் தரும்போது வங்கி பெரும்பாலும் உங்கள் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேட்கும். கொடுத்துவிட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை பாதுகாப்பு போயிற்று. ஒரே வீட்டுக்காக நிறுவனம் தொடங்குவதை நான் சொல்லமாட்டேன்.

படி 4: காகிதங்கள்

30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கட்டும்.