மாடல் ரேஸ் படகின் இன்ஜின் மவுன்ட்: ரப்பரை வைத்துவிட்டு அசையவிடாமல் செய்யும் தவறுகள்

பெட்ரோலில் ஓடும் மாடல் ரேஸ் படகுகளில் அடிக்கடி கண்ணில் படும் இன்ஜின் ஜப்பானின் செனோவா ஜி260. ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 34 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 28 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்), 25.4 சிசி. கையில் தூக்கினால் சுமார் 2 கிலோதான். ஆனால் ஒற்றை சிலிண்டரில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனை கிராங்க் எடையால் முழுதாகச் சமன் செய்ய முடியாது, எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். 40 கிராம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 15,000 ஆர்பிஎம்மில் சுமார் 1,380 நியூட்டன் வருகிறது, அதாவது 140 கிலோ எடைக்குச் சமமான விசை. அது நொடிக்கு 250 தடவை படகின் உடலை மேலும் கீழும் உலுக்குகிறது.

இந்த உலுக்கலில் டாங்கில் பெட்ரோல் நுரைக்கும். டயாஃப்ரம் கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் ஊசி தன் இருக்கையில் நிற்காமல் துடிக்கும். கலவை நிலையாக நிற்காது. நேர்க்கோட்டில் முழு வேகத்தில் போகும்போது அது மெலிந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். பல பேர் அப்போது கார்புரேட்டரைக் குறை சொல்வார்கள், ஆயிலை மாற்றுவார்கள். இன்ஜினைப் படகோடு பிடித்து வைக்கும் மவுன்டை யாரும் பார்ப்பதில்லை.

மவுன்டில் உள்ள ரப்பர் மெத்தை இல்லை, ஸ்பிரிங். அது அசைந்தால்தான் வேலை செய்யும். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, ரப்பரை வாங்கி வைத்துவிட்டு அது அசைய வழியில்லாமல் செய்வதுதான்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. விரலால் அமுக்கிப் பார்த்து, "ரேஸ் படகாச்சே, உறுதியா இருக்கட்டும்" என்று இருப்பதிலேயே கடினமானதை எடுப்பது. ஸ்பிரிங்கின் மேல் எடை வைத்தால் அந்த ஜோடிக்கு ஓர் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், இருக்கும். இன்ஜினின் அதிர்வு அதோடு பொருந்தும் இடத்தில் ஆட்டம் பல மடங்காகப் பெருகும். இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் ரப்பர் அதிர்வைத் தடுக்கவே தொடங்கும். 3 மடங்கில் அதிர்வில் எட்டில் ஒரு பங்குதான் கீழே படகுக்கு இறங்கும்.

இதைப் படகில் பொருத்திப் பார்க்கலாம். இன்ஜினின் எடையில் ரப்பர் 0.25 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண் சுமார் 31 ஹெர்ட்ஸ், ஆர்பிஎம் கணக்கில் 1,900. ஐட்லிங் 3,000-க்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்தான இடம் அதற்கும் கீழேயே கடந்துபோய்விடும். இன்ஜினை அணைக்கும்போது கடைசி நொடியில் படபடவென்று ஒரு குதி குதிக்குமே, அது இந்த இடத்தைக் கடப்பதுதான். பயப்பட ஒன்றுமில்லை. இப்போது கடினமான ரப்பரைப் பாருங்கள். 0.01 மி.மீ. மட்டுமே அமுங்கினால் இயல்பு அதிர்வெண் 158 ஹெர்ட்ஸ், அதாவது 9,500 ஆர்பிஎம். வளைவில் இருந்து வெளியே வந்து வேகமெடுக்கும் இடமே அதுதான். ரப்பரே இல்லாமல் நேராக முடுக்கியிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

0.25 மி.மீ.யை அளப்பது கஷ்டம் என்றால் ஒரு வழி இருக்கிறது. நான்கு மவுன்டின் மேலும் ஒரு தட்டை வைத்து 10 கிலோ ஏற்றுங்கள். அமுங்கிய அளவை ரெயிலுக்கும் (படகின் உள்ளே மவுன்ட் உட்காரும் நீளச் சட்டம்) தட்டுக்கும் இடையே வெர்னியரால் அளந்து 5-ஆல் வகுத்தால் 2 கிலோ இன்ஜினுக்கான அளவு கிடைக்கும். 1.25 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் சரி. வேகமாக உலுக்கும்போது ரப்பர் சும்மா எடை தாங்குவதைவிடக் கொஞ்சம் விறைப்பாகவே நடந்துகொள்ளும், அதனால் எல்லையை ஒட்டித் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்காக மிக மென்மையாகவும் போகக் கூடாது. 1 மி.மீ. அமுங்கும் ரப்பரில் படகு அலையில் எகிறி விழும்போது இன்ஜின் தள்ளாடும், ஷாஃப்ட் வெட்டி இழுக்கும்.

அடுத்தது போல்ட். ஓட்டை போட்ட ரப்பர் புஷ்ஷுக்குள் போல்ட்டை விட்டு, மேலே வாஷர் வைத்து, நட்டை மூச்சைப் பிடித்து முறுக்கிவிடுவது. ரப்பர் நசுங்கி விறைத்துப்போகும். போல்ட் ஓட்டையின் ஓரத்தைத் தொட்டுவிட்டால் இரும்பு வழியாகவே அதிர்வு இறங்கிவிடும். இதற்கான பாடம் எல்லாருடைய சர்வோவிலும் (ரேடியோ கட்டளைக்குச் சுக்கானை அசைக்கும் சின்ன மோட்டார்) இருக்கிறது. சர்வோவோடு வரும் சின்ன ரப்பர் வளையத்துக்குள் ஒரு பித்தளைக் குழாய் போடச் சொல்வார்கள், அதன் விரிந்த பக்கம் கீழே, மரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்குரூ முறுக்குவது குழாயைத்தான், ரப்பர் சுதந்திரமாகவே இருக்கும். இன்ஜினுக்கும் அதேதான். புஷ்ஷின் உள்ளே ரப்பரின் உயரத்துக்குச் சரியாக வெட்டிய ஸ்டீல் குழாய் போட்டால் நட்டை எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கலாம். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள், அதிர்வில் கழலாது.

இரண்டு முனையிலும் ஸ்டட் (மரை போட்ட தண்டு) வைத்த உருளை ரப்பரை நிமிர்த்தி வைப்பதும் பலர் செய்வது. ரப்பரை அமுக்கினால் விறைப்பு, ஒரு முனையைப் பக்கவாட்டில் தள்ளினால் மென்மை. நிமிர்த்தி வைத்தால் மேல்-கீழ் அதிர்வு விறைப்பான திசையில் போய் முட்டும். ரெயிலின் பக்கச் சுவரில் ஸ்டட் படுக்கையாக இருக்கும்படி வைத்தால் அதிர்வு மென்மையான திசையைச் சந்திக்கும். ஆனால் அப்போது முன்-பின் திசையும் மென்மையாகிவிடும், ப்ரொப்பெல்லர் தள்ளும் விசையில் இன்ஜின் முன்னால் நகரும். மேலே சொன்ன 0.25 மி.மீ. ரப்பரில் 10 கிலோ தள்ளு விசைக்குச் சுமார் 1.25 மி.மீ. நகர்வு வரும்.

இந்த நகர்வைக் கணக்கில் எடுக்காமல் ஷாஃப்ட்டைப் பொருத்தினால் தொல்லைதான். ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (இன்ஜினையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கும் வளையும் கம்பி) சுமையில் முறுக்கேறிச் சுருங்கும் என்பதால் ஸ்ட்ரட்டுக்கும் (படகின் பின்னால் ஷாஃப்ட்டைத் தாங்கும் கால்) ட்ரைவ் டாக்குக்கும் (ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் துண்டு) இடையே 3 மி.மீ. போல இடைவெளி விடுவது வழக்கம். அதற்கு மேல் இன்ஜின் நகரும் தூரத்தையும் சேர்த்து விட வேண்டும். இல்லாவிட்டால் ட்ரைவ் டாக் ஸ்ட்ரட்டில் உரசிச் சூடாகும். இன்னொன்று: புது ரப்பர் முதல் இரண்டு நாளில் கொஞ்சம் படியும். இன்ஜினைப் பொருத்தி, படியவிட்டு, அப்புறம் ஷாஃப்ட்டின் நேரைப் பாருங்கள்.

இன்ஜினை ரப்பரில் மிதக்கவிட்டு ட்யூன்டு பைப்பை (புகை வெளியேறும் குழாய்) படகின் உடலோடு இறுக்கிக் கட்டியிருப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. பைப் இன்ஜினோடு சேரும் ஹெடர் ஃப்ளாஞ்சில் விரிசல் விழ எவ்வளவு நேரம் ஆகும்? வெப்பம் தாங்கும் இணைப்புக் குழாய், பைப்பின் தாங்கியிலும் ரப்பர், இரண்டும் வேண்டும். தண்ணீர்க் குழாய்களில் ஒரு வளைவு தளர்வு விடுங்கள். த்ராட்டிலுக்கு விறைப்பான கம்பி வேண்டாம், இன்ஜின் ஆடும் ஆட்டமெல்லாம் த்ராட்டிலைத் திறந்து மூடும். உறைக்குள் ஓடும் கேபிள் போட்டு, உறையின் முனையை இன்ஜினிலேயே பிடித்துக் கட்டினால் இன்ஜின் ஆடினாலும் த்ராட்டில் மாறாது. எல்லாம் முடிந்ததும் இன்ஜினைக் கையால் நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். சுற்றிலும் 3 மி.மீ. தூரத்துக்குள் எதுவும் முட்டக் கூடாது.

ரப்பர் உட்காரும் இடம் தளர்வாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. மெல்லிய ஃபைபர் கிளாஸ் தரையே இன்னொரு ஸ்பிரிங்காகிவிடும். ரெயிலை படகின் பக்கச் சுவர்களோடும் குறுக்குச் சட்டத்தோடும் எபாக்ஸியால் கட்டி, விரலால் அமுக்கினால் அசையாத அளவுக்கு விறைப்பாக்குங்கள்.

ரப்பரின் வகையையும் கேட்டு வாங்குங்கள். சாதாரண இயற்கை ரப்பர் பெட்ரோலிலும் ஆயிலிலும் ஊறி உப்பும், பெட்ரோல் படகுக்கு நைட்ரைல் நல்லது. சிலிகானும் பெட்ரோலுக்கு ஆகாது. அது நைட்ரோ எரிபொருள் படகின் குழாய்க்குத்தான் சரி.

ப்ரொப்பெல்லரைச் சமன் செய்யாமல் மவுன்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. பெரிலியம் காப்பர் ப்ரொப்பெல்லரைச் சமன் செய்யத் தேய்க்கும்போது அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

ரேஸ் நாள் முடிந்ததும் ஒவ்வொரு ரப்பரையும் லேசாக வளைத்து, உலோகத்தோடு ஒட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடோ பிளவோ தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேதான் முதலில் பிரியும். ஒன்று போயிருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் வேறு வேறு விறைப்பில் இருக்கும், இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும். ஓட்டத்தின் நடுவே ஒட்டு பிரிந்தாலும் இன்ஜின் எகிறிப் போகாதபடி மேலே 3 மி.மீ.க்குச் சற்று மேலான இடைவெளியில் ஒரு அலுமினியத் தடுப்புப் பட்டையை ரெயிலோடு முடுக்கி வையுங்கள்.