செட்டிநாட்டுப் பயணத்தில் நெட்டுக்கு அதிகம் செலவழிக்காமல் இருக்க

கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பழைய செட்டியார் வீடுகளைப் பார்க்க வருகிறீர்களா, அப்படியென்றால் காரைக்குடியிலேயே நெட் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து கோயில் கும்பிட வருபவர்கள் ரோமிங்கை அணைத்துவிட்டு இங்கே ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்குவதுதான் நல்லது. பாஸ்போர்ட், விசா இரண்டும் கையில் இருக்கட்டும். ஆனால் வாங்கும் முன், நீங்கள் தங்கப்போகும் வீட்டுக்காரரிடம் அங்கே எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் அந்தக் கனத்த சுண்ணாம்புச் சுவர்களுக்குள் சிக்னல் சட்டென்று விழுந்துவிடும், திண்ணைக்கோ வீட்டு நடுவில் உள்ள வளவு முற்றத்துக்கோ வந்தால்தான் ஓரளவு கிடைக்கும்.

ஏற்கெனவே இந்திய சிம் இருந்தால் புது ப்ளான் வேண்டாம், டேட்டா தீர்ந்த அன்று சின்ன ஆட்-ஆன் (கூடுதல் டேட்டா ரீசார்ஜ்) போட்டால் போதும். அது பெரும்பாலும் அடிப்படை ப்ளான் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும், வேலிடிட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில்வயர் என்ற பொது வைஃபை உள்ள ரயில்வே ஸ்டேஷன்களில் தினமும் முதல் 30 நிமிடம் இலவசம், ஓடிபி வர இந்திய எண் வேண்டும். அந்த நேரத்தில் கூகுள் மேப்பில் காரைக்குடி, பிள்ளையார்பட்டி வட்டாரத்தை ஆஃப்லைனாக இறக்கிவிடுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள், டேட்டாவைக் குடிப்பதே அதுதான். குடும்பமாக வந்தால் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போடலாம், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.