ஆய்வகம் இல்லாத இடத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: செய்முறை

முகாமுக்குத் தேதி குறிப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: பாசிட்டிவ் என்று வரும் பெண்ணுக்குச் சிகிச்சை யார் தருவார்கள், எங்கே, என்றைக்கு? இதற்குப் பதில் இல்லையென்றால் முகாமைத் தள்ளிப்போடுங்கள். சீட்டு எழுதிக் கொடுத்துத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினால், பயணச் செலவிலோ கூலி இழப்பிலோ வீட்டாரின் தடையிலோ பலர் நின்றுவிடுகிறார்கள். கண்டுபிடித்த அன்றைக்கே, அதே இடத்தில் சிகிச்சை தருவதுதான் உயிரைக் காக்கும் வழி.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி 30 வயதிலிருந்து பரிசோதனை தொடங்க வேண்டும், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்து. முதல் தேர்வு ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை, அதாவது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. அதை 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகள். மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், கூச்சப்பட்டு வராதவர்களையும் இதில் சேர்க்க முடியும். அந்த வசதி இல்லாத இடத்தில் கைகொடுப்பது வி.ஐ.ஏ., அதாவது அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பது. பொதுவாக இதை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

அமிலமும் வெளிச்சமும்

வேண்டியது 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம். 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் ஆசிட் ஊற்றினால் 5 சதவீதக் கரைசல் 100 மி.லி. கிடைக்கும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. கலக்காத அமிலம் பட்டால் திசு வெந்துவிடும். அதனால் பாட்டிலில் செறிவையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். கிளேசியல் பாட்டிலைப் பரிசோதனை அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். வினிகர் என்றால் லேபிளில் செறிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் மிஞ்சியதைக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும்.

வெளிச்சம் வெள்ளையாக இருக்கட்டும். மஞ்சள் பல்பிலும், பேட்டரி இறங்கிய டார்ச்சிலும் லேசான வெண்மை கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதை உண்மையில் தீர்மானிப்பது, யோனியை விரித்துக் கருப்பைவாயைப் பார்க்க உதவும் கருவியான ஸ்பெக்குலம்களின் எண்ணிக்கை. பயன்படுத்தியதை உடனே சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) வைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் இல்லையென்றால் முழுவதும் மூழ்கும் அளவு நீரில் போட்டு, கொதி வந்த பிறகு 20 நிமிடம்.

பார்க்கும் முறை

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் தசை தளர்ந்திருக்கும். ஸ்பெக்குலத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து உள்ளே செலுத்துங்கள். யோனியின் பக்கச் சுவர் தளர்ந்து பார்வையை மறைத்தால், நுனி வெட்டிய ஆணுறையை ஸ்பெக்குலத்தின் மேல் மாட்டிக்கொள்ளலாம்.

அமிலம் தடவும் முன்பே நன்றாகப் பாருங்கள். கருப்பைவாயின் வெளிப்புறம் வெளிர் ரோஜா நிறத்தில் வழவழப்பாக இருக்கும். துளையைச் சுற்றி, உள்ளிருந்து வரும் சவ்வு சிவப்பாகச் சொரசொரப்பாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் இந்தப் பரிசோதனைக்கு உயிர். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே தொடங்குகின்றன. மாதவிடாய் நின்றபின் பலருக்குக் கோடு உள்ளே ஏறி மறைந்துவிடும். அவர்களுக்கு வி.ஐ.ஏ. செய்து நெகட்டிவ் என்று எழுதுவது பொய்யான நிம்மதியைத் தருவதாகும். கோடு முழுவதும் தெரியவில்லை என்று எழுதி, ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு வழி செய்யுங்கள்.

சளியை மெதுவாகத் துடைத்துவிட்டு, அமிலத்தில் தோய்த்த பஞ்சைக் கருப்பைவாய் முழுவதும் படும்படி வையுங்கள். தேய்த்தால் ரத்தம் கசியும், பிறகு எதுவும் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். அமிலம் செல்களின் புரதத்தைத் தற்காலிகமாகத் திரள வைக்கிறது. மாறிய செல்களில் உட்கரு பெரிது, புரதம் அதிகம். அதனால்தான் அந்த இடம் வெளுக்கிறது. இது நடக்க நேரம் வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் முதலில் குறைவது இந்த ஒரு நிமிடம்தான், நோய் தப்புவதும் அங்கேதான்.

பாசிட்டிவ் என்றால், சந்திப்புக் கோட்டைத் தொட்டபடி, ஓரம் தெளிவாக, அடர்த்தியான வெண்மை தெரியும், சட்டென்று மறையாது. கோட்டிலிருந்து விலகிய திட்டுகள், ஊடே தெரியும் மங்கலான வெண்மை, சிறு முத்துப்போன்ற நீர்க்கட்டிகள், கோட்டோரம் மட்டும் நூல்போல் ஓடும் வெள்ளை எல்லாம் நெகட்டிவ். புண், பூக்கோசு போன்ற வளர்ச்சி, தொட்டாலே ரத்தம் என்றால் புற்றுநோய்ச் சந்தேகம். அங்கே தெர்மல் அப்லேஷன், அதாவது சூடான முனையால் திசுவை அழிக்கும் சிகிச்சை, செய்யவே கூடாது. மேற்பரப்பு மட்டும் கருகி, அடியில் நோய் வளர்ந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு பயாப்ஸி (சிறு திசுத்துண்டை எடுத்துச் சோதிப்பது) வேண்டும், அதுவும் உடனே.

பார்த்ததை ஒரு வட்டம் வரைந்து, கடிகார முள் கணக்கில் குறித்துவிடுங்கள். மிச்ச அமிலத்தைத் துடைத்துவிட்டு ஸ்பெக்குலத்தை எடுங்கள்.

முடிவைச் சொல்லும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். "அம்மா, ஒரு இடம் வெளுத்துத் தெரியுது. புற்றுநோய்னு அர்த்தம் இல்லை. அப்படியே விட்டா பின்னாடி அதுவா மாறலாம். இன்னைக்கே சரி பண்ணிடலாம்" என்ற அளவில் போதும்.

சிகிச்சையும் அதன் பிறகும்

தெர்மல் அப்லேஷனுக்கு நான்கு நிபந்தனை: வெளுத்த பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், துளைக்குள் ஏறியிருக்கக் கூடாது, கருப்பைவாயின் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது, அவர் கர்ப்பமாக இருக்கக் கூடாது. 100 டிகிரி செல்சியஸ் முனையை 20 முதல் 30 விநாடி வைக்க வேண்டும்; பகுதி பெரிதானால் ஒன்றன்மேல் ஒன்று படும்படி மறுபடியும். சில வாரம் நீர்போல் வெளியேறும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பயந்துபோவார். 4 வாரம் உடலுறவு வேண்டாம், முடியாதென்றால் ஆணுறை. காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றம், கட்டிக்கட்டியாக ரத்தம், இதில் எது வந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும்.

ஓராண்டு கழித்து மறுபரிசோதனை. பதிவேட்டில் அவருடைய எண்ணோடு, அவர் நம்பும் இன்னொருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன் செய்யலாமா, யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டு அதே வரியில் எழுதுங்கள்.