மண்டபத்துக்குப் பெயர் தந்த வீரர்: பலகையில் எழுதுமுன் சரிபார்ப்பது எப்படி

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ முன்னாள் படைவீரர் மண்டபத்துக்குப் போரில் மாண்ட ஒருவர் பெயர் இருந்தால், அவர் வரலாற்றைப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். முத்துசாமி என்று தேடினால் பல முத்துசாமிகள் வருவார்கள். பட்டாள நம்பர், அப்பா பெயர், சொந்த ஊர் ஆகிய மூன்றும்தான் ஆளை அடையாளம் காட்டும்.

நம்பர் வீட்டிலேயே இருக்கலாம். பதக்கத்தின் விளிம்பையும் பின்பக்கத்தையும் விளக்கொளியில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். இந்தியப் படையினரின் பதக்கங்கள் பலவற்றில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது, எழுத்து மழுங்கிவிடும்.

அடுத்து, இரு உலகப் போர்களிலும் மாண்ட படையினரின் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். கட்டணம் கிடையாது. ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் தொல்லை: 'சாமி' ஒருவருக்கு ஒய்யில் (y) முடியும், இன்னொருவருக்கு ஐயில் (i) முடியும், நடுவில் டபிள்யூவும் (w) நுழையும். முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டு, படையை 'இந்தியன்' என்று சுருக்குங்கள். ஊரைப் பழைய பெயரில் தேடுங்கள்: திருச்சிக்கு டிரிச்சினோபோலி (Trichinopoly), தஞ்சைக்கு டாஞ்சோர் (Tanjore).

கல்லறை கிடைக்கவில்லை என்று சோர வேண்டாம். உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோர் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத் தூண்களில் உள்ளன. தங்கள் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்டோருக்கு அங்கேயே தனி நினைவகம் இருக்கிறது; தேடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். தைப்பிங் போர்க்கல்லறையில் 850க்கும் மேல் புதைகுழிகள், அவற்றில் 500க்கும் அதிகம் பெயர் தெரியாதவை. அங்கே கல்லறைகள் சாலையின் இரு பக்கமும் இருப்பதால் இரண்டையும் பாருங்கள். படம் எடுக்கக் காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் நல்லது, எழுத்து தெரிய வேண்டுமென்று கல்லில் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள்.

பட்டியலில் பெயரே இல்லையா? இரண்டாம் உலகப் போருக்கு ஆணையம் கொள்ளும் எல்லை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டு கிளர்ச்சியை எதிர்த்துத் தொடங்கிய அவசரகாலத்தில் இறந்தவர் அதில் வரமாட்டார். போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையில் மடிந்த நம் தோட்டத்து மக்களும் படையினர் அல்லர் என்பதால் அதில் இல்லை. அவர்களுக்குக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தோட்டக் கோப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

இறந்த தேதியில் கவனம். பதிவில் ஒரே நாள் இல்லாமல் 'இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்' என்றிருந்தால் அப்படியே பலகையில் எழுதுங்கள். திதி கொடுக்க வசதியென்று ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக் கல்லில் வெட்டினால், அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று நம்பிவிடும்.