இம்ப்ளான்ட் பல்: வலி இல்லை என்றால் ஆறிவிட்டதா?

1950-களில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற மருத்துவர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் காலெலும்பில் ஒரு சின்ன டைட்டானியக் கூட்டைப் பதித்தார். ஆய்வு முடிந்து அதைக் கழற்றப் பார்த்தால், வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. வேறு யாராவது எரிச்சலோடு விட்டிருப்பார்கள். அவரோ அந்தத் தொல்லையையே ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். 1965-இல் கோத்தன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்துப் பல் கட்டினார். 2006-இல் லார்சன் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அவை உழைத்தன.

தாடையில் திருகு பதித்து அதன்மேல் பல் கட்டுவதுதான் இம்ப்ளான்ட். அந்தத் திருகைப் பிடித்துவைத்திருப்பது எலும்பு. இதை மறந்துவிட்டு, சுவரில் மரையாணி முடுக்கிய மாதிரி நினைப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு அவசரம். திருகு போட்ட அன்று அது இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் அது மரையின் இறுக்கம். அடுத்த சில வாரங்களில் உடல், திருகை ஒட்டிய பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டுப் புது எலும்பைக் கட்டுகிறது. அதனால் மூன்று, நான்கு வாரம் ஆகும்போது பிடிப்பு முதல்நாளைவிடக் குறைவாக இருக்கலாம். சரியாக அந்த நேரத்தில்தான் வீக்கம் வடிந்து, வலி போய், "ஆறிவிட்டது, ஒரு முறுக்கு கடித்தால் என்ன" என்று தோன்றும். திருகில் நரம்பு கிடையாது, அது ஆடினாலும் நமக்குத் தெரியாது. ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால், எலும்பு சேர வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்புறம் கழற்றுவதைத் தவிர வழியில்லை. பிரோனெமார்க் திருகை ஈறுக்கு அடியில் மூடித் தைத்து, கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருந்தார். இன்றைய திருகுகளுக்கு அவ்வளவு காலம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 'ஒரே நாளில் பல்' என்பதும் பொய்யில்லை. ஆனால் அது எல்லாத் தாடைக்கும் ஒத்துவராது. ஒத்துவந்தாலும் அன்று வைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான், அதற்கும் இட்லி, ரசம் சாதம்தான்.

"பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்" என்று மருத்துவரைப் புகழ்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் பட்டாலே எலும்பு சேதமாகிறது என்று 1983-இல் எரிக்சன், ஆல்ப்ரெக்ட்சன் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் முயல்களில் காட்டினார்கள். நாம் குடிக்கும் காபி அதைவிடச் சூடு. உப்புநீரைப் பீய்ச்சியபடி நிதானமாகத் துளையிடுவது அதனால்தான்.

பல்லைப் பிடுங்கிவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு வருடம் போக்குவது இன்னொரு தவறு. பல் இல்லாத இடத்தில் தாடை மெலியும். முதல் ஆண்டிலேயே அதன் அகலம் ஏறக்குறைய பாதி குறைந்துவிடலாம். பிறகு எலும்புத்தூள் வைத்து மேடு கட்டிய பிறகே திருகு, அதற்குத் தனிச் செலவு. சிகரெட், கட்டுக்குள் வராத சர்க்கரை, எலும்பு மெலிவு நோய்க்கோ புற்றுநோய்க்கோ போட்ட ஊசி, இவற்றை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அந்த ஊசி போட்டவர்களுக்குச் சில சமயம் தாடைப் புண் ஆறாமலே போய்விடும்.

இம்ப்ளான்ட் சொத்தையாகாது, உண்மை. அதைக் கேட்டுவிட்டு பிரஷ்ஷை மேலோட்டமாக ஓட்டுபவர்கள் நிறைய. இயற்கைப் பல்லில் ஈற்றின் நார்கள் வேருக்குள்ளேயே ஊன்றி, கிருமிக்கு வேலி போட்டிருக்கும். இம்ப்ளான்ட்டில் அந்த நார்கள் திருகைச் சுற்றி ஓடுகின்றனவே தவிர அதில் ஊன்றுவதில்லை. வேலி பலவீனம். அழுக்கு தங்கினால் வீக்கம் சத்தமில்லாமல் கீழே இறங்கி எலும்பை அரிக்கும். துலக்கும்போது ரத்தக்கசிவு, அமுக்கினால் சீழ் என்றால் வலிக்காகக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். திருகின்மேல் மாட்டும் செயற்கைப் பல்லை, அதாவது கேப்பை, ஒட்டப் பயன்படுத்திய சிமென்ட்டின் துணுக்கு ஈறுக்கு அடியில் தங்கினாலும் இதே கதைதான், எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்வது நல்லது. தினமும் பல்லிடுக்கு பிரஷ்ஷால் கேப்பின் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும்.

கடைசியாக, அட்டைக் குழப்பம். "எனக்கு சிர்கோனியா இம்ப்ளான்ட், பத்து வருட வாரண்டி" என்பார்கள். பெரும்பாலும் சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருள் மேலே இருக்கும் கேப்தான், உள்ளே இருப்பது டைட்டானியம். வாரண்டி அட்டையும் கேப்புக்கானது. திருகு வந்த டப்பாவில் கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். எட்டு வருடம் கழித்து வேறு ஊரில் கேப் ஆடினால், அந்தக் கம்பெனியின் திருப்புளி இருந்தால்தான் கேப்பைத் திருகோடு இணைக்கும் சின்ன உள்திருகை முடுக்க முடியும். ஸ்டிக்கர் இல்லையென்றால் அந்த மருத்துவர் எக்ஸ்ரேயில் மரையின் வடிவத்தைப் பார்த்துக் கம்பெனியை ஊகித்துக்கொண்டிருப்பார்.